நேரலை ஏன் பிந்தி வருகிறது?

1920-க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு படத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் உள்ளன. பிக்சலுக்கு மூன்று பைட் என்று கொண்டு, நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் அவற்றை அப்படியே அனுப்புவதானால் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 124 கோடி பிட் செல்ல வேண்டும். ஆனால் வீட்டு இணைய இணைப்பின் வழியே செல்லும் ஒரு சாதாரண நேரலை நொடிக்கு 50 லட்சம் பிட் அளவில், அதாவது அதில் ஏறக்குறைய 250-இல் ஒரு பங்கில், முடிந்துவிடுகிறது. இந்தச் சுருக்கத்தைத் தனிக் கருவி எதுவுமின்றிக் கணினியின் செயலியைக் கொண்டே, நிகழ்ச்சி நடக்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் செய்வது மென்பொருள் குறியாக்கம் எனப்படும். விஎல்சி பிளேயரைத் தந்த வீடியோலேன் குழுவினரின் எக்ஸ்264 இத்துறையில் பெரிதும் பயன்படும் நிரல்களுள் ஒன்று; ஓபிஎஸ் ஸ்டூடியோ, எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருள்களின் உள்ளே இருந்துகொண்டு இதுவே பலருக்கும் வேலை செய்கிறது.

கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை உணரும் அளவுக்கு நிறத்தின் நுட்பத்தை உணர்வதில்லை என்பதால், நிறத் தகவலைக் கால் பங்கு புள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டாலே பாதிச் சுமை குறைந்துவிடும். எஞ்சியதைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெல்ல மாறும் அலைகள், விரைந்து மாறும் அலைகள் ஆகியவற்றின் கூட்டாக மாற்றி எழுதி, கண்ணுக்குப் புலப்படாதவற்றைக் கழித்துவிடும் கணிதமுறையை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்டனர். இந்த யோசனைக்காக 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நசீர் அகமது கேட்ட நிதி மறுக்கப்பட்டது. எக்ஸ்264 பின்பற்றும், 2003-இல் நிறைவேறிய எச்.264 தரநிலை இதே முறையின் முழு எண் வடிவத்தைக் கையாள்கிறது.

இவற்றைவிடப் பெரிய சேமிப்பு, அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதிலிருந்து கிடைப்பது. பழைய அச்சுக்கூடத்தில் கோத்து வைத்த பக்கத்தைக் கலைக்காமல் திருத்தம் வந்த வரிகளை மட்டும் மாற்றி மறுபதிப்பு போட்டதைப் போல, குறியாக்கி அவ்வப்போது ஒரு முழுப்படத்தை அனுப்பிவிட்டு, இடையில் எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது, அதில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுகிறது. தெறிக்கும் நீரும் கொட்டும் பூக்களும் காட்சியில் நிறைந்தால் முந்தைய படத்தில் அவற்றுக்கு ஒத்த கட்டம் கிடைக்காமல், குறித்த பிட் அளவுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டி, படம் சதுரம் சதுரமாக உடைவது இதனாலேதான்.

வியப்புக்குரியது இதற்கு அடுத்த படி. மேடையில் நிற்கும் பேச்சாளர் ஓரடி நகர்ந்தால், அதுவரை அவர் மறைத்திருந்த திரைச்சீலையின் ஒரு துண்டு வெளிப்படுகிறது. அந்தத் துண்டு முந்தைய படத்தில் இல்லை. ஆனால் பின்னால் வரவிருக்கும் படத்தில் முழுமையாக இருக்கிறது. ஆகவே குறியாக்கி பின்னால் வரும் படத்தை முதலில் எழுதி அனுப்பிவிட்டு, இடைப்பட்ட படத்தை முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் துணைக்கொண்டு எழுதுகிறது. இத்தகைய இருதிசைப் படங்கள் பி-ஃபிரேம் எனப்படும். எக்ஸ்264 இத்துடன் நிற்பதில்லை. 2009-இல் அதில் சேர்க்கப்பட்ட ஓர் உத்தி, வரவிருக்கும் ஃபிரேம்களை மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்து, இப்போதுள்ள ஒவ்வொரு கட்டமும் எத்தனை பின்வரும் படங்களுக்கு ஆதாரமாகப் போகிறது என்று கணக்கிடுகிறது. நீடித்து நிற்கும் திரைச்சீலைக்குப் பிட்டுகளைத் தாராளமாகவும், வந்த வேகத்தில் மறையும் கையசைவுக்குச் சிக்கனமாகவும் ஒதுக்குகிறது. இயல்பு அமைப்பில் இது 40 ஃபிரேம் முன்னோக்குகிறது. வேகமான அமைப்புகளில் இந்த அளவு குறையும்.

நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியில் வரவிருக்கும் படத்தைப் பார்க்க ஒரே வழி, அது வந்து சேரும் வரை காத்திருப்பதுதான். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 40 ஃபிரேம் என்பது 1.6 நொடி. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க விரும்புவோருக்காக 'சீரோ லேட்டன்சி' என்றொரு அமைப்பும் எக்ஸ்264-இல் இருக்கிறது. அது பி-ஃபிரேமையும் முன்னோக்கலையும் முற்றாக நிறுத்திவிடும். அதே பிட் அளவில் படத்தின் தரம் கண்கூடாகத் தாழும். கேள்வியும் பதிலுமாக நடக்கும் உரையாடலுக்கு இந்த இழப்பு தகும்.

ஆனால் ஒருவழியாகப் பார்க்கப்படும் திருமணம், குடமுழுக்கு, கச்சேரி ஆகியவற்றுக்கும், 'தாமதம் இல்லாதது' என்ற பெயரில் மயங்கி இதையே தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவியிருப்பது வருந்தத்தக்கது. நேரலையைப் பார்ப்பவரிடம் கொண்டுசேர்க்க ஆப்பிள் நிறுவனம் 2009-இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் முறையில் ஒளிபரப்பு சிறு கோப்புத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. துண்டின் நீளம் முதலில் 10 நொடியாகவும் பின்னர் 6 நொடியாகவும் பரிந்துரைக்கப்பட்டது. பார்ப்பவரின் கருவி கடைசியிலிருந்து மூன்று துண்டு பின்தள்ளியே தொடங்க வேண்டும் என்பது பொது விதி. ஆக, அங்கேயே 18 நொடி போய்விடுகிறது. 18 நொடி பிந்தி வரப்போகும் காட்சியில் ஒன்றரை நொடியை மிச்சப்படுத்துவதற்காக மணமக்கள் முகத்தை மங்கலாக்குவது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

ஒலியின் நிலை இன்னும் பரிதாபமானது. நொடிக்கு 128 ஆயிரம் பிட் கொடுத்தால், அதாவது படத்துக்குச் செலவாவதில் ஏறக்குறைய 40-இல் ஒரு பங்கில், ஏஏசி முறையில் கேட்கத்தக்க இசை கிடைத்துவிடும்; இருந்தும் கேமராவிலுள்ள மைக்கே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல மைக் வைத்தாலும் வேறொரு சிக்கல் எழுகிறது: மைக்கின் ஒலி கணினிக்கு உடனே வந்துவிட, கேமராவின் படம் தன் உள்வேலைகளை முடித்துக்கொண்டு பிந்தி வருவதால், உதடு அசையும் முன்பே சொல் கேட்கிறது. இயற்கையில் ஒளிக்குப் பின்னரே ஒலி வருவது பழகிப்போனதாலோ என்னவோ, ஒலி முந்துவதை மனிதர் எளிதில் பொறுப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே தெரிந்துவிடும்; பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரியாது. இதற்கென ஓபிஎஸ் மென்பொருளில் ஒவ்வொரு ஒலிமூலத்துக்கும் 'சிங்க் ஆஃப்செட்' என்ற பெட்டி உண்டு. கேமராவின் முன் ஒருமுறை கைதட்டிப் பதிவுசெய்து, ஓசை எழும் இடத்திலிருந்து உள்ளங்கைகள் சேரும் இடம் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணி, ஃபிரேமுக்கு 40 மில்லிநொடி வீதம் பெருக்கி, வரும் எண்ணை அந்தப் பெட்டியில் இட்டால் போதும். மூன்று ஃபிரேம் என்றால் 120.