தொட்டி மல்லி ஏன் பூக்கவில்லை?

"வீட்டுக்குள்ளே தொட்டியில வெச்ச குண்டுமல்லி நல்லா தழைக்குது, பூவை மட்டும் காணோமே" என்று பலரும் கேட்கிறீர்கள். நிழலில் இருந்தால் மல்லி இலைதான் விடும், மொட்டு வைக்காது. தினமும் 5, 6 மணி நேரமாவது வெயில் படும்படி திண்ணை ஓரத்திலோ வாசலிலோ தொட்டியை வையுங்கள்.

உத்திரமேரூர் பக்கம் ஏரி வண்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தொட்டியில் வண்டலை மட்டும் நிரப்பினால் மண் இறுகிப்போய் வேர் அழுகிவிடும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து போடுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கணும். அதன் மேல் ஓட்டுச் சில்லு ஒன்று வைக்கணும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

குண்டுமல்லி புதுக் கிளையில்தான் பூக்கும். ஆகவே கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசி வாரம், ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்யுங்கள். பங்குனி வாக்கில் பூ எடுக்கலாம்.

இன்னொன்று முக்கியம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை மறக்கவே கூடாது.