தமிழ்ப் பட்டக்கல்வி: எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை?

உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் பருவத்தில் பெற்றோர் என்னிடம் பெரிதும் கேட்கும் வினா, "எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது, ஐயா?" என்பதாகும். மலேசியாவில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றுள் எது சிறந்தது என்று பொதுப்பட விடை கூறுதல் அரிது. எந்தக் கல்விக்கு எது பொருந்தும் என்று கூறலாம். தமிழ் பயில விரும்புவோரை மனத்திற்கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

தமிழ் சார்ந்த பட்டக்கல்விகள் பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றினும் இயல்பால் வேறானவை. 'மரம்' என்னும் எளிய சொல்லைக் கொண்டே இவ்வேறுபாட்டைக் காணலாம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தோன்றிப் பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது. 1966இல் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றபோது இத்துறைக்குத் தலைமை வகித்தவர் தனிநாயகம் அடிகளார். இலக்கியம், வரலாறு, பண்பாடு ஆகியவை இத்துறையின் களங்கள். சங்க கால மன்னர்கள் காவல்மரத்தை ஏன் போற்றினர், பகைவர் அதனை ஏன் வெட்டினர் என்பது இங்கே எழும் வினா.

அதே பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்திலும் தமிழ் ஒரு பட்டப்படிப்பாக உள்ளது. 'மரம்' என்பது 'ஐ' உருபு ஏற்கும்போது 'மரமை' என்றாகாமல் 'மரத்தை' என்றாவது ஏன் என்பது இங்கே எழும் வினா. ஒலியனியல், உருபனியல், தொடரியல் ஆகியவற்றில் நாட்டமில்லாதவருக்கு இப்படிப்பு சுமையாகவே அமையும்.

தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்குள்ள தமிழ்க் கல்வியியல் படிப்பு, 'மரத்தை' என்னும் வடிவத்தை இடைநிலைப்பள்ளி மாணவருக்குப் புரியும்படி எவ்வாறு கற்பிப்பது என்று கேட்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்புவோர், எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் ஆசிரியர் கல்விக் கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு.

இவ்வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் ஆசிரியராக விரும்பிய மாணவி ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். பெயர்பெற்ற இடத்தையே முதலில் எழுதுமாறு கூறினேனே அன்றிப் பாடத்திட்டத்தைப் பார்க்கும்படி சொல்லவில்லை. அவருக்கு மொழியியல் படிப்பில் இடம் கிடைத்தது. மூன்றாம் பருவத்தில் என்னைக் காண வந்தவர், "வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்பதை எப்போது சொல்லித் தருவார்கள், ஐயா?" என்று கேட்டார். அப்படிப்பில் அது இல்லை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. பட்டம் பெற்றபின் கற்பித்தல் தகுதியைத் தனியே பெற்று, அவர் ஆசிரியரானார். கற்ற மொழியியல் வீண்போகவில்லை. எனினும் அந்தக் கூடுதல் காலமும் செலவும் அவர் குடும்பத்துக்குப் பெருஞ்சுமையாயின. அச்சுமையில் என் பங்கை நான் மறுப்பதற்கில்லை.

ஆகவே, யு.பி.யு. விண்ணப்பத்தில் தேர்வுகளை வரிசைப்படுத்துமுன் மாணவர் மூன்று செயல்களைச் செய்தல் நன்று. முதலாவது, ஒவ்வொரு படிப்பின் முழுப் பாடப்பட்டியலையும் பெற்று, எந்தப் பாடங்கள் மிகுதி என எண்ணிப் பார்த்தல். இரண்டாவது, அப்படிப்பின் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடமாவது உரையாடுதல். மூன்றாவது, நுழைவுத் தகுதியை உரிய காலத்தில் அறிதல். தரப்புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு அடைவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியது. கல்வியியல் படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை, "எந்தப் பல்கலைக்கழகம்?" என்று என்னிடம் கேட்குமுன், "நீ எதை அறிய விரும்புகிறாய்?" என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தபின் வாருங்கள். பாடப்பட்டியலை நாம் சேர்ந்தே பார்ப்போம்.