கருவறை முதல் அம்புலிப் பருவம் வரை: குழந்தையின் மனவளர்ச்சியை அறிதல்

தமிழ்ப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடினர். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் நடந்துவரும் வருகை, பதினைந்தாம் மாதத்தில் நிலவை விளையாட அழைக்கும் அம்புலி என்பது மரபு. இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் வளர்ச்சி அட்டவணையோடு இம்மாதக் கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் பகுதிகளிலிருந்து மருத்துவமனைக்கு வரும் பெற்றோருக்கு வளர்ச்சிப்படிகளை விளக்கும்போது, இப்பருவங்களின் பெயர்களைச் சொன்னால் உடன்வரும் பாட்டிமார் உடனே புரிந்துகொள்கின்றனர்.

கருவில் வளரும் மனம்

கருவுற்ற 25ஆம் வாரத்தையொட்டிக் குழந்தை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டத் தொடங்குகிறது. தாயின் குரலே அதற்கு மிகத் தெளிவாகக் கேட்கும் குரல். பிறந்து மூன்று நாட்களுக்குள்ளேயே குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலை விரும்பிக் கேட்கின்றன என்பதை டிகாஸ்பர், ஃபைஃபர் ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வளைகாப்பு வளையல்களின் ஒலி குழந்தைக்குக் கேட்குமா எனப் பலர் வினவுவதுண்டு. ஏழாம் மாதத்தில் கேட்கும் திறன் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அபிமன்யு கதையை நம்பி வயிற்றின்மீது ஒலிக்கருவிகளைப் பொருத்த வேண்டியதில்லை; அதனால் அறிவு கூடும் என்பதற்குச் சான்று இல்லை. தாய் வழக்கம்போல் பேசுவதே போதும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவற்றை உரிய காலத்தில் கண்டறிதல், அயோடின் கலந்த உப்பு, ஃபோலிக் அமிலம், மது மற்றும் புகையிலை தவிர்த்தல் ஆகியவையே குழந்தையின் மூளைக்கு உண்மையில் உதவுபவை.

தாயின் மனநலமும் இதில் அடங்கும். மகப்பேற்றுக்குப் பின் சில நாட்கள் அழுகையும் சோர்வும் வருவது இயல்பு. இரண்டு வாரங்களைக் கடந்தும் அவை நீடித்தால், அல்லது குழந்தையின்மீது ஈடுபாடே தோன்றவில்லையெனில், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை ஒன்று, ஏறத்தாழ 22 விழுக்காடு தாய்மாருக்கு இது ஏற்படுவதாகக் கணக்கிட்டது. இது நோய், தாயின் குணக்குறை அன்று. சிகிச்சையால் தணியக்கூடியது. தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

ஓராண்டுக்குள் நிகழ்வன

பிறந்த குழந்தை உலக மொழிகள் பலவற்றின் ஒலிகளையும் வேறுபடுத்தி அறியும். ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாதங்களில் இந்தி மொழியின் தகர, டகர ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதங்களில் அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது என வெர்க்கர், டீஸ் ஆகியோர் 1984இல் கண்டறிந்தனர். சுற்றிலும் கேட்கும் மொழிக்கேற்ப மூளை தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். எனவே பேசத் தெரியாத குழந்தையோடும் பேச வேண்டும். நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேச வேண்டும். கைப்பேசிக் காணொளி இதற்கு மாற்று ஆகாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

எட்டாம் மாதத்தையொட்டி, கண்ணுக்கு மறைந்த பொருளும் இருந்துகொண்டிருக்கிறது என்பதைக் குழந்தை உணரத் தொடங்குகிறது. தாய் அறையைவிட்டு வெளியேறினால் அழுவதும், புதியவரைக் கண்டு மிரள்வதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான் தோன்றும். இதைப் ‘பழக்கம் கெட்டுவிட்டது’ என்று கண்டிக்க வேண்டாம். பாட்டியோ காப்பகப் பணியாளரோ, வழக்கமாகப் பார்த்துக்கொள்பவர் அடிக்கடி மாறாமல் இருந்தால் குழந்தை விரைவில் தேறும்.

சுட்டு விரல்

அம்புலிப் பருவத்தில் தாய் நிலவைக் காட்டுகிறாள். குழந்தை விரலைப் பார்க்காமல் நிலவைப் பார்க்கிறது. சில மாதங்களில் தானே சுட்டிக்காட்டி, தாயும் பார்க்கிறாளா எனத் திரும்பி அவள் முகத்தை நோக்குகிறது. ஒரு பொருளில் இருவர் கவனத்தையும் இணைக்கும் இத்திறன் பேச்சுக்கு அடித்தளம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் முதலில் காணாமற்போவதும் இதுவே. ஆகவே நடை தாமதமாவதைப் பற்றி மட்டும் கவலைப்படும் பெற்றோரிடம், சுட்டிக்காட்டுகிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன். தனித்து நடக்கத் தொடங்கும் வயது 8 மாதம் முதல் 18 மாதம் வரை வேறுபடலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதைக் கணக்கிட வேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையை ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தையாகவே மதிப்பிட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமை. 12 மாதத்தில் மழலை ஒலியோ கையசைப்போ இல்லாமை. 16 மாதத்தில் ஒரு சொல்கூடப் பேசாமை. 24 மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. எந்த வயதிலும் பேசிய சொற்களை இழத்தல். இவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரைக் காண வேண்டும். ‘ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும்’, ‘இவன் அப்பாவும் இப்படித்தான்’ என்னும் ஆறுதல்களால் இழக்கப்படும் மாதங்கள் மிகுதி. நாவில் வசம்பு உரைத்துத் தடவுவதால் பேச்சு வராது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்தானது.

பேச்சுத் தாமதம் எனில் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். கடும் செவித்திறன் இழப்புள்ள, ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. எவ்வளவு முன்னதாகப் பொருத்தப்படுகிறதோ, அவ்வளவு நன்றாகப் பேச்சு வளரும்.

2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சித் தாமதம் ஐயுறப்படும் குழந்தைகள் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுவர். அங்கு இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சிகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. குழுவின் வருகைக்காகக் காத்திராமல் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் நேரில் செல்லலாம். தாய் சேய் நல அட்டை, மகப்பேற்றுக் குறிப்புகள், இயன்றால் வீட்டில் குழந்தை விளையாடும் சிறு கைப்பேசிப் பதிவு ஆகியவற்றை உடன் கொண்டுசெல்லவும்; புதிய இடத்தில் குழந்தை இயல்பாக நடந்துகொள்ளாது என்பதால் அப்பதிவு மருத்துவருக்குப் பெரிதும் உதவும். உடல்நல ஐயங்களுக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.