வான்கோழி வேட்டைக்கு எந்தச் சோக்? கடதாசியில் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்



வழக்கமாக வரி, கணக்கு என்று பேசுகிற நான் இம்மாதம் துவக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வசந்தகாலம் நெருங்கினால் ஒன்ராறியோவில் எமது இளைஞர்கள் சிலர் வான்கோழி வேட்டைக்கு ஆயத்தமாகிறார்கள். "கடையில் பல விதமான சோக் வைத்திருக்கிறார்கள், எதை வாங்குவது?" என்பது அவர்களது கேள்வி. பெற்றோரின் கேள்வி வேறு. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இங்கே வந்தோம், பிறகும் ஏன் அந்தத் துவக்கு?" என்கிறார்கள். அனுமதிப்பத்திரத்துடன் சில வருடங்களாக இந்த வேட்டைக்குப் போய்வருபவன் என்ற முறையில் இரண்டையும் மனதில் வைத்தே பேசுகிறேன்.

முதலில் பறவையைப் பற்றி ஒரு சொல். ஒன்ராறியோவில் இயல்பாக வாழ்ந்த காட்டு வான்கோழி, காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் 1900களின் தொடக்கத்தில் அங்கே முற்றாக அற்றுப்போனது. 1984இல் அமெரிக்க மாநிலங்களிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து மீண்டும் காட்டில் விட்டார்கள். அவை பெருகியபின் 1987இல் வசந்தகால வேட்டை ஆரம்பமானது. வசந்தத்தில், நெஞ்சிலிருந்து தாடிபோல இறகுக் கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். ஆகவே இங்கு வேட்டை என்பது கணக்கு வைத்து நடத்தப்படும் ஒரு காரியம்.

இனிச் சோக்குக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் எழுதிய சோக் அல்ல இது. வான்கோழியைச் சுடும் சொட் கன்னில் ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு சன்னங்கள் இருக்கும். ஈயச் சன்னமானால் ஓர் அவுன்ஸ் நிறையில் 4ஆம் இலக்கம் சுமார் 135, 5ஆம் இலக்கம் சுமார் 170, 6ஆம் இலக்கம் சுமார் 225 வரும். இலக்கம் கூடக்கூடச் சன்னம் சிறிதாகும். இவை குழலை விட்டு வெளியேறியதும் விரியத் தொடங்கும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்துவதுபோல, குழலின் நுனியைச் சற்று ஒடுக்கி அந்த விரிவைக் கட்டுப்படுத்துவதுதான் சோக். அண்மைக்காலத் துவக்குகள் பலவற்றில் அது திருகிக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு சிறு குழாய்.

12 கேஜ் துவக்கின் குழல் உள்விட்டம் ஏறக்குறைய 0.729 அங்குலம். எதுவும் ஒடுக்கப்படாதது சிலிண்டர். சுமார் 0.010 அங்குலம் ஒடுங்கினால் இம்புரூவ்ட் சிலிண்டர், 0.020 என்றால் மொடிபைட், 0.035 அளவில் புல். வான்கோழிக்கென்றே விற்கப்படும் எக்ஸ்ட்ரா புல் இன்னும் ஒடுக்கமானது. 40 யார், அதாவது 36 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எத்தனை சன்னம் விழும் என்பதே பழைய அளவுகோல். சிலிண்டரில் சுமார் 40, இம்புரூவ்ட் சிலிண்டரில் 50, மொடிபைட்டில் 60, புல்லில் 70.

அப்படியானால் மிக ஒடுக்கமானதை வாங்கினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் அவதானம் வேண்டும். வான்கோழியின் உடலைக் குறிவைப்பதில்லை. தடித்த இறகும் நெஞ்சுத் தசையும் சன்னங்களைத் தாங்கிக்கொள்ளும். காயப்பட்ட பறவை பற்றைக்குள் ஓடி, நாட்கணக்கில் வதைபட்டுச் சாகும். குறி தலையும் கழுத்தும். மூளையிலோ கழுத்தெலும்பிலோ சில சன்னங்கள் பட்டால் பறவை அந்த இடத்திலேயே விழும். அந்த இலக்கு மிகச் சிறியது. சோக் மிக விரிவாக இருந்தால் 40 யாரில் சன்னங்களுக்கிடையே தலை தப்பிவிடும். மிக ஒடுக்கமாக இருந்தால் 10 யாரில் எல்லாச் சன்னமும் ஒரு கைப்பிடி அளவுக்குள் போகும். தலையை ஒருமுறை அசைத்தாலே குறி முற்றாகத் தவறும்.

அதனால் முதலில் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். அடர்ந்த பற்றைக்குள் 15 முதல் 25 யாரில் சுடுவதானால் மொடிபைட்டே தாராளமாகப் போதலாம். வயல் ஓரத்தில் 30, 40 யார் என்றால் புல் அல்லது எக்ஸ்ட்ரா புல். எதை எடுப்பது என்று தெரியாத புதியவருக்குப் புல்லில் தொடங்கும்படி சொல்வேன்.

ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் கணக்கல்ல. ஒரே சோக் ஒரு தோட்டாவுடன் நன்றாகவும் இன்னொன்றுடன் மோசமாகவும் வேலைசெய்யும். வவுச்சர் பார்க்காமல் ஐந்தொகையில் கையெழுத்திடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாடம். இங்கே வவுச்சர் ஒரு பெரிய கடதாசி. பாதுகாப்பான சுடுதளத்தில், நாலடிக் கடதாசியின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, துவக்கை நன்றாகத் தாங்கிப் பிடித்து, 20, 30, 40 யாரில் புதிய கடதாசிகளில் சுடுங்கள். குறிவைத்த புள்ளியைச் சுற்றி 10 அங்குல வட்டம் கீறித் துளைகளை எண்ணுங்கள். வட்டத்துக்குள் நூறு துளையாவது வேண்டும் என்பது வேட்டைக்காரரிடையே உள்ள பொது விதி. 40 யாரில் அறுபதே விழுந்தால் உங்கள் எல்லை 40 அல்ல. நூறு விழும் தூரம்தான் எல்லை. அதற்கு அப்பால் பறவை எவ்வளவு பெரிதாக நின்றாலும் சுடக்கூடாது.

சோக்கை மாற்றுமுன் துவக்கில் தோட்டா இல்லையென்று உறுதிசெய்யுங்கள். குழாய் இல்லாமல் சுட்டால் திருகுப்புரி கெடும். உருக்குச் சன்னத்துக்கு ஏற்றதென்று குறிப்பிடாத ஒடுக்கமான சோக்கில் உருக்குச் சன்னத்தைச் சுட வேண்டாம். எந்தச் சன்னத்துக்கு அனுமதி என்பதை அந்தந்த ஆண்டின் வேட்டை விதித்தொகுப்பில் பாருங்கள்.

சோக் எவ்வளவு நல்லதானாலும் மனிதனையும் பறவையையும் பிரித்தறியாது. உருமறைப்பு உடையில் இன்னொருவர் வான்கோழிபோலக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே சத்தத்தையோ அசைவையோ நோக்கிச் சுடக்கூடாது. தலையும் தாடியும் பின்புறமும் தெளிவாகத் தெரியவேண்டும். சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்துப் போகவேண்டாம். அகலமான மரத்தில் முதுகு சாய்த்து உட்காருங்கள். இன்னொருவர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல் உரக்கக் கூப்பிடுங்கள். பிறர் காணியானால் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. துவக்கு என்றதும் எமக்கு வரும் அச்சம் வெறும் மனப்பிரமை அல்ல. அதற்கு நாம் கொடுத்த விலை உண்டு. அந்த அச்சத்தை மூடி மறைத்துச் சண்டை பிடிப்பதைவிட, பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அனுமதிப்பத்திரமும் பயிற்சிச் சான்றிதழும் எங்கே? வீட்டில் துவக்குத் தோட்டா நீக்கிப் பூட்டியிருக்கிறதா? எவ்வளவு தூரத்துக்கு மேல் நீ சுடமாட்டாய், அதை எப்படி அறிந்தாய்? மூன்றாவது கேள்விக்குத் துளை எண்ணிய கடதாசியைக் கொண்டுவந்து காட்டுகிற பிள்ளை, தன் கையில் இருப்பது என்ன என்று விளங்கிக்கொண்ட பிள்ளை.

அடுத்த மாதம் வழமைபோல வருமான வரிப் படிவங்களுடன் சந்திப்போம்.