மைக்கும் அடையாள அட்டையும்



நான் எலக்ட்ரானிக்ஸ் மாணவன். லேபில் ஒரு குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்து, வராண்டாவின் அந்தக் கோடியில் இருந்த ரேடியோவில் என் குரல் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலை எவ்வளவு தூரம் அனுப்பலாம் என்பதுதான் அன்று என் கேள்வி. ருவாண்டாவைப் பற்றிப் படித்த பிறகு, எந்தக் குரலை அனுப்புகிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

ருவாண்டா, ஆப்பிரிக்காவின் நடுவே உள்ள சின்ன மலைநாடு. ஹூட்டு பெரும்பான்மை, டுட்சி சிறுபான்மை. இருவருக்கும் ஒரே மொழி, ஒரே சர்ச். பெண் கொடுத்து, பெண் எடுத்தவர்கள். 1930-களில் பெல்ஜியம் ஆட்சி ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கொடுத்து, அதில் இனத்தையும் எழுதியது. 1962-ல் சுதந்திரம் வந்தது. அட்டை போகவில்லை!

1990 அக்டோபரில், உகாண்டாவில் இருந்த டுட்சி அகதிகளின் படை உள்ளே நுழைய, உள்நாட்டுப் போர் மூண்டது. 1993-ல் ஒருபக்கம் சமாதான ஒப்பந்தம். இன்னொரு பக்கம் ஆர்.டி.எல்.எம். என்ற புது எஃப்.எம். நிலையம். நல்ல பாட்டு, ஜோக்கு. நம்ம வயசுப் பசங்க விரும்பிக் கேட்டாங்க. நடுநடுவே டுட்சிகளைக் 'கரப்பான் பூச்சி' என்றார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. மனுஷனை வெட்டக் கை நடுங்கும். கரப்பானை நசுக்க நடுங்குமா?

1994 ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதமர் அகதே உவிலிஞ்ஜியிமானா கொல்லப்பட்டார். அவரும் ஹூட்டுதான், முன்பு வேதியியல் ஆசிரியை. ரேடியோ ஆட்களின் பெயரையும் வண்டி நம்பரையும் வாசித்தது. சாலைத் தடுப்புகளில் அட்டையைப் பார்த்து வெட்டினார்கள். சுமார் நூறு நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர்! நடுவில் ஐ.நா. தன் படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது.

வெட்டியவர்களில் பக்கத்து வீட்டுக்காரனும் உண்டு, வாத்தியாரும் உண்டு. "வெறி பிடிச்சவங்க" என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. வெறி நூறு நாள் தாங்காது. பட்டியல், உத்தரவு, மறுத்தால் தனக்கும் வெட்டு விழும் என்ற பயம், செத்தவன் நிலமும் மாடும் கிடைக்கும் என்ற ஆசை எல்லாம் சேர்ந்து அதை அன்றாட வேலை மாதிரி ஆக்கிவிட்டன.

போன வருஷம் ஹாஸ்டலில் இரண்டு டிபார்ட்மெண்டுக்குள் சண்டை. எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூட்டமாகக் கத்தினோம். ஒருத்தனுக்குத் தலையில் நாலு தையல். ஸ்டம்பை நான் எடுக்கவில்லை. ஆனால் கத்தியவர்களில் நானும் ஒருவன். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் பெயர் அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ருவாண்டாவோடு இதைச் சமமாக வைக்கவில்லை. ஆனால் தொடக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

1997 மார்ச் 18 இரவு, ருவாண்டாவில் நியாங்கே பள்ளி வகுப்பறைக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்கள், "ஹூட்டு ஒருபக்கம், டுட்சி ஒருபக்கம் நில்லுங்கள்" என்றார்கள். மாணவர்கள் பிரியவில்லை, நாங்கள் எல்லோரும் ருவாண்டாக்காரர்கள் என்றார்கள். சிலர் அங்கேயே உயிர்விட்டார்கள். இன்று அவர்கள் அந்த நாட்டின் தேசிய வீரர்கள்.

அவர்களுக்கும் ஏறக்குறைய நம் வயசுதான், நண்பர்களே. அடுத்த முறை யாராவது "அவனுங்க எல்லாம் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால், "எவன்? பேரைச் சொல்லு" என்று கேட்கப் பழகுவோம்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல்