சதுரங்கப் பொறித் தொடர்பு நெறிமுறை

சதுரங்கப் பொறித் தொடர்பு நெறிமுறை என்பது, நகர்வுகளைக் கணிக்கும் சதுரங்கப் பொறியும் பலகையைத் திரையில் காட்டும் வரைகலை இடைமுகமும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான விதிகளின் தொகுப்பு ஆகும். இவை இரண்டும் தனித்தனி நிரல்கள். பொறிக்குக் காய்களின் படங்கள் தேவையில்லை. இடைமுகத்துக்கு நல்ல நகர்வு எது என்று தெரிய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நெறிமுறையைப் பின்பற்றினால் எந்தப் பொறியையும் எந்த இடைமுகத்துடனும் இணைக்கலாம். இரு பொறிகளை மோதவிட்டு ஒப்பிடவும் இயலும்.

வரலாறு

குனூ செஸ் நிரலுக்கு வரைகலை முகப்பாக எக்ஸ்போர்டு உருவானது. அதனோடு இணைய விரும்பிய பிற பொறிகளும் குனூ செஸ் பயன்படுத்திய கட்டளைகளையே ஏற்றுக்கொண்டன. டிம் மான் இவ்வழக்கத்தை ஒரு நெறிமுறையாக ஆவணப்படுத்தினார். இது எக்ஸ்போர்டு நெறிமுறை அல்லது வின்போர்டு நெறிமுறை எனப்படுகிறது. 2000 நவம்பரில் ருடால்ஃப் ஹூபர், ஷ்ரெடர் பொறியை எழுதிய ஸ்டெஃபான் மையர்-காலன் ஆகியோர் யூசிஐ என்னும் நெறிமுறையை வெளியிட்டனர். ஸ்டாக்ஃபிஷ் உள்ளிட்ட பல பொறிகள் யூசிஐயைப் பயன்படுத்துகின்றன.

செயற்படும் முறை

இடைமுகம் பொறியைத் துணைநிரலாகத் தொடங்கி, அதன் உள்ளீட்டையும் வெளியீட்டையும் குழாய்கள் வழியாகத் தன்னுடன் இணைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டளையும் ஒரு வரி உரை. கட்டளைகள் ஆங்கிலச் சொற்களே. அவை இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன.

இடைமுகம்: யூசிஐ
பொறி: யூசிஐஓகே
இடைமுகம்: இஸ்ரெடி
பொறி: ரெடிஓகே
இடைமுகம்: பொசிஷன் ஸ்டார்ட்பாஸ் மூவ்ஸ் ஈ2ஈ4
இடைமுகம்: கோ டபிள்யூடைம் 300000 பிடைம் 300000
பொறி: பெஸ்ட்மூவ் ஈ7ஈ5

யூசிஐஓகே என்பதற்கு முன் பொறி தன் பெயரையும், பயனர் மாற்றக்கூடிய விருப்பத் தேர்வுகளையும் அறிவிக்கும். நகர்வு, புறப்படும் கட்டமும் சேரும் கட்டமுமாக எழுதப்படும். நேரம் மில்லிநொடியில் தரப்படும். 300000 என்பது 5 நிமிடங்கள்.

வடிவமைப்பு வேறுபாடு

ஆட்டத்தின் நிலையை நினைவில் வைத்திருப்பது யார் என்பதே முதன்மையான வேறுபாடு. எக்ஸ்போர்டு நெறிமுறையில் பொறி ஆட்டத்தை நினைவில் வைத்திருக்கும். எதிராளியின் நகர்வு மட்டும் அனுப்பப்படும். செய்திகள் குறுகியவை. ஆயினும், பொறி நகர்வை அனுப்பும் அதே கணத்தில் இடைமுகம் ஆட்டத்தை நிறுத்தினால், இருவரிடமும் வெவ்வேறு பலகை நிலைகள் இருக்கக்கூடும். இதைத் தவிர்க்க இரண்டாம் பதிப்பில் எண்ணுடன் கூடிய பிங், பாங் கட்டளைகள் சேர்க்கப்பட்டன.

யூசிஐயில் ஒவ்வொரு முறையும் முழு நிலையும் அனுப்பப்படும். பலகை நிலை மட்டும் போதாது. ஒரே நிலை மும்முறை தோன்றினால் சமநிலை கோரலாம் என்பதால், முந்தைய நகர்வுகளும் பொறிக்குத் தேவை.

நடைமுறைச் சிக்கல்கள்

பொறியின் ஆட்டத்திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும், தொடர்பில் பிழை இருந்தால் அது நேரம் தீர்ந்து தோற்கும்.

* வெளியீட்டுத் தேக்கம்: முனையத்தில் கையால் தட்டச்சு செய்யும்போது ஒழுங்காக விடையளிக்கும் பொறி, இடைமுகத்தில் இணைத்ததும் ஊமையாகிவிடுவதுண்டு. சி மொழி நூலகம், குழாய்க்குச் செல்லும் வெளியீட்டை இடையகத்தில் தேக்கி வைப்பதே காரணம். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் இடையகத்தை வெளியேற்ற வேண்டும்.
* தேடலின்போது கேட்டல்: ஸ்டாப் கட்டளை எந்நேரமும் வரலாம்; தேடலின் நடுவே வரும் இஸ்ரெடிக்கும் விடை தர வேண்டும். எனவே உள்ளீட்டைப் படிக்கத் தனி இழை அமைப்பது வழக்கம்.
* பழைய விடை: பெஸ்ட்மூவ் வரி எந்தக் கேள்விக்கான விடை என்பதைக் குறிப்பதில்லை. ஸ்டாப் அனுப்பிய இடைமுகம் அதற்குரிய பெஸ்ட்மூவ் வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையெனில் பழைய நகர்வைப் புதிய விடையாகக் கருதிவிடும்.
* தாமதம்: கடிகாரம் இடைமுகத்திடம் இருப்பதால், செய்தி சென்று சேரும் நேரமும் பொறியின் கணக்கிலேயே கழியும். இதற்கெனச் சிறிது நேரத்தை ஒதுக்க ஸ்டாக்ஃபிஷில் தனி விருப்பத் தேர்வு உள்ளது.

குறைபாடுகள்

யூசிஐயில் பொறி தோல்வியை ஒப்புக்கொள்ளவோ சமநிலை கோரவோ கட்டளை இல்லை. மதிப்பீட்டைப் பார்த்து இடைமுகமே அதனைத் தீர்மானிக்க வேண்டும். எக்ஸ்போர்டு நெறிமுறையில் இவ்வசதிகள் உண்டு. ஃபேபியன் லெடூசே எழுதிய பாலிகிளாட் போன்ற இணைப்பு நிரல்கள், ஒரு நெறிமுறையின் கட்டளைகளை மற்றதற்கு மாற்றித் தருகின்றன.