விசிறி சுழன்றது, திரை ஒளிரவில்லை

சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஈராண்டுகள் சேர்த்த பணத்தில் எங்கள் மூத்த மகன் உதிரிப் பாகங்களை வாங்கி, தன் கையாலேயே ஒரு கணினியை அமைத்தான். இரவு உணவு முடிந்தபின் குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்து நிற்க, ஸ்விட்சை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன, திரையோ இருண்டே கிடந்தது.

"மதர்போர்டு பழுதப்பா. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்றான் மனம் நொந்து. நாங்களும் சினங்கொண்டு, விடிந்ததும் கடைக்குச் சென்று நியாயம் கேட்பதென முடிவு செய்தோம். "முதலில் உங்கள் கைவேலையைச் சரிபாருங்கள்" என்றாள் இல்லத்தரசி. அவ்வாறே ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம்.

கணினியில் உயிர்ப்பே இல்லையெனில், சுவர் ஸ்விட்சையும், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பின்புற ஸ்விட்சையும், முகப்புப் பொத்தானின் மெல்லிய கம்பிகள் உரிய ஊசிகளில் செருகப்பட்டுள்ளனவா என்பதையும் காண வேண்டும். எங்கள் கணினியிலோ விசிறி சுழன்றது. ஆதலால் அடுத்த படிக்குச் சென்றோம்.

கிராபிக்ஸ் கார்டு இருப்பின், மானிட்டர் கேபிளை அதில்தான் பொருத்த வேண்டும், மதர்போர்டில் அன்று. அது சரியாகவே இருந்தது. பின்னர் மின்னிணைப்பை நீக்கி, ராம் அட்டைகளைக் கழற்றி, ஒன்றை மட்டும் 'கிளிக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினோம். பயனில்லை. டி.டி.ஆர். 5 வகை ராம் உள்ள கணினி முதன்முறை இயங்கும்போது, அதனைச் சோதித்துச் சீரமைக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதால் பொறுத்தும் பார்த்தோம். இருள் நீங்கவில்லை.

இறுதியில் மின் கேபிள்களை ஆராய்ந்தோம். 24 ஊசிகள் கொண்ட பெரிய கேபிள் உரிய இடத்தில் இருந்தது. ஆனால், பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 ஊசிக் கேபிள் செருகப்படாமல் மூலையில் மறைந்து கிடந்தது! அஃதின்றி விசிறி சுழலும், பிராசசர் இயங்காது. அதனைப் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது. மகனின் முகமும் மலர்ந்தது.

அப்போதும் இயங்காதிருந்தால், மதர்போர்டை வெளியே எடுத்து, அட்டைப் பெட்டியின்மீது வைத்து, பிராசசர், அதன் விசிறி, ஒரு ராம், மின் இணைப்பு ஆகியவற்றோடு மட்டும் சோதித்திருப்போம். கேபினட்டில் தவறான இடத்தில் உள்ள திருகு மதர்போர்டின் அடியில் பட்டு மின்கசிவு உண்டாக்கினால், இச்சோதனையில் அது வெளிப்படும். பிறகு ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தால் பழுதானது தானே தெரியும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் காரணம் விளங்காது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

மறுநாள் கடைப்பக்கம் செல்லும் தேவை எழவில்லை. குற்றமற்ற ஒருவரைப் பலர் முன்னிலையில் பழித்திருப்போமே என்று நினைக்கையில் இன்றும் எங்களுக்கு நாணமாகவே இருக்கிறது.